இருந்து தின்றால் குன்றும் மாளும்: கார் பேட்டரி சொல்லும் வரலாறு



வரலாறு என்றவுடன் சோழன் கடாரம் கொண்டதும், மலாக்கா வீழ்ந்ததும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை பெரிய வரலாறுதான். ஆனால் வீட்டு மூலையில் கிடக்கிற சாமானுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்து வைத்திருந்தால் காசும் மிச்சம், கண்ணும் கையும் பத்திரம். அப்படிப்பட்ட ஒரு சாமானின் கதையைத்தான் இந்த மலரில் சொல்ல வருகிறேன். அதுதான் கார் பேட்டரி.

"பேட்டரிக்கு என்னய்யா பெரிய கதை?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் பக்கம் சில வீடுகளின் கார் கொட்டகையில் இன்றும் ஒரு மோரிஸ் மைனரோ, ஆஸ்டினோ, பழைய வோல்வோவோ துணி போர்த்தி நிற்பதைப் பார்க்கலாம். 1985-இல் ஷா ஆலாமிலிருந்து வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவே இன்று பழங்கால வண்டி ஆகிவிட்டது! தாத்தா சீட்டுப் பிடித்து, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி வாங்கிய கார். விற்க மனம் வராது. தினமும் ஓட்ட முடியாது. தீபாவளிக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை எடுப்பார்கள். அன்றைக்குப் பார்த்து "டிக்... டிக்..." என்று சத்தம் மட்டும் வரும். "பேட்டரி செத்துப்போச்சு" என்று புதுசு வாங்கிப் போடுவார்கள். அடுத்த தீபாவளிக்கு அதுவும் செத்திருக்கும். மூன்றாவது தடவை, "இந்தச் சனியனைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று பேச்சு கிளம்பும்.

ஒரு குடும்பத்தின் உழைப்புக்குச் சாட்சியாக நிற்கும் வண்டி, ஒரு பேட்டரியால் இரும்புக் கடைக்குப் போகலாமா? போகாமல் காப்பதற்கு வழி இருக்கிறது. அந்த வழியைப் பேட்டரியின் வரலாறே நமக்குச் சொல்லித் தருகிறது.

காரீயமும் ரப்பரும்

1800-இல் இத்தாலி நாட்டு வோல்ட்டா என்பவர் முதல் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். "வோல்ட்" என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான். ஆனால் அவர் செய்த கலம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி சார்ஜ் செய்ய முடியாது. 1859-இல் பிரான்சு நாட்டில் காஸ்தோன் பிளாண்டே என்பவர் இரண்டு ஈயத் தகடுகளை எடுத்தார். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் ரப்பர்த் துண்டுகளை வைத்தார். பாய் சுருட்டுவது போல் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் முக்கினார். தீர்ந்தபின் மறுபடியும் மின்சாரம் ஏற்றக்கூடிய பேட்டரி அன்றுதான் பிறந்தது. 1881-இல் கமீல் போர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகடுகளின் மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகே தொழிற்சாலைகளில் பேட்டரி செய்வது எளிதாயிற்று. இன்று உங்கள் காரில் இருப்பதும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோலாலம்பூர் பிறந்ததே ஈயச் சுரங்கத்தால் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். அது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். கறுத்தது, கனமானது, விஷமுள்ளது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது ரப்பர். பிளாண்டே காலத்து ரப்பர் தென்னமெரிக்காவின் காட்டு மரங்களிலிருந்து வந்தது. 1877-இல்தான் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிறகு மோட்டார் வண்டி பெருகியது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயா முழுதும் பால்மரம் எழுந்தது, நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடேற்றினால் கல் போன்ற கறுப்பு ரப்பர் கிடைக்கும். பல ஆண்டுகள் கார் பேட்டரியின் பெட்டி அந்தக் கெட்டி ரப்பரால்தான் செய்யப்பட்டது. 1960களிலும் 70களிலும் பிளாஸ்டிக் பெட்டி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே அருமைப் பாட்டாளிகளே, விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பனியில் நனைந்து உங்கள் பாட்டனும் பாட்டியும் சீவிய பால், டயராக மட்டும் ஓடவில்லை. அமிலத்தைச் சுமக்கும் பெட்டியாகவும் உழைத்திருக்கிறது. பேட்டரியின் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு.

கைப்பிடி போய்ச் சாவி வந்தது

பேட்டரி முதலில் காருக்காகப் பிறந்ததல்ல. கார் வருவதற்கு முன்பே ரயில் பெட்டிகளில் விளக்கெரிக்க அது பயன்பட்டது. 1890களில் இங்கிலாந்தின் ஜே. ஸ்டோன் கம்பெனி, ஓடும் சக்கரத்தின் அச்சிலிருந்தே பெல்ட் போட்டு டைனமோவைச் சுழற்றி, பெட்டிக்கடியில் உள்ள பேட்டரியை நிரப்பும் முறையைக் கொண்டுவந்தது. ரயில் ஓடும்போது டைனமோ கொடுக்கும். ஸ்டேஷனில் நிற்கும்போது பேட்டரி கொடுக்கும். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே வேலையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! அந்தக் குடும்பங்களில் வந்தவர்களுக்கு இந்தச் சேதி சொந்தக் கதை மாதிரி இருக்கும்.

அக்காலத்துக் காருக்குச் சாவி கிடையாது. முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரை அமைத்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் அது வந்தது. அன்று முதல் பேட்டரி, வண்டிக்கே உயிராகிவிட்டது. 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனரில்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பிடி செருக ஓட்டை வைத்திருந்தார்கள். இன்றைய காரில் அந்த ஓட்டை இல்லை. பேட்டரி போனால் வண்டி நின்றது நின்றதுதான்.

பிறவிக் குறை

இவ்வளவு பெருமை உள்ள பேட்டரிக்கு 1859 முதல் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு வேலையும் வாங்காமல் வைத்தாலும் உள்ளே இருக்கும் மின்சாரம் தானாகவே கசியும். "இருந்து தின்றால் குன்றும் மாளும்" என்று நம் பெரியவர்கள் சொன்னது பேட்டரிக்கு அப்படியே பொருந்தும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? மின்சாரம் வெளியேறும்போது அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து இரண்டு வகைத் தகடுகளிலும் மெல்லிய உப்பாகப் படிகிறது. சார்ஜ் செய்தால் அந்த உப்புக் கரைந்து மறுபடி அமிலமாகிவிடும். ஆனால் வடிந்த பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டுவிட்டால், உப்பு இறுகிக் கட்டியாகிவிடும். மழையில் நனைந்த சர்க்கரை காய்ந்து கல்லாவது போலத்தான். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது முழுவதும் கரையாது. "பேட்டரி செத்துப்போச்சு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

குளிர் நாட்டுக் கவலை, வெயில் நாட்டுக் கவலை

ஐரோப்பாவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலம் வந்தால் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். வடிந்த பேட்டரியாக இருந்தால், உள்ளே வெறும் தண்ணீர் போன்ற அமிலமே இருக்கும். அது பூஜ்யத்துக்குக் கீழே 7, 8 டிகிரியிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். நிறைந்த பேட்டரியோ பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கு மேல் குளிர்ந்தாலும் சுலபத்தில் உறையாது. அதனால் அவர்கள் பேட்டரியைக் கழற்றி, மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டுக் காப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1942 ஜூலை முதல் 1945 ஜூன் வரை சொந்தக் கார்களுக்குச் சாதாரணப் பங்கீட்டுப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. வண்டிகளை மரக்கட்டை மேல் தூக்கி வைத்தார்கள். அப்போதும் பேட்டரிக்கு இதே வைத்தியம்தான்.

அதே போர் நம் நாட்டில் வேறு முகம் காட்டியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. கார்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸும் லாரியும் கரிப்புகையில் ஓடின. நம்மவர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போன காலம் அது. பேட்டரியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? மனித உயிருக்கே மதிப்பில்லாத நாட்கள்.

"நம் ஊரில் பனியே இல்லையே, பேட்டரிக்கு என்ன ஆபத்து?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். குளிர், பேட்டரியின் சக்தியைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும். ஆனால் கசிவைக் குறைக்கும். ஐஸ் பெட்டியில் வைத்த கறி கெடாமல் இருப்பது மாதிரி. வெப்பமோ கசிவைக் கூட்டும். ஏறத்தாழ 10 டிகிரி வெப்பம் ஏறினால் கசிவு இரு மடங்காகும். பழைய வகைப் பேட்டரி நல்ல வெக்கையில் நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு வரைகூட இழக்கும். இதனால்தான் வெப்ப நாடுகளில் விற்கும் பேட்டரிகளில் கொஞ்சம் நீர்த்த அமிலத்தை ஊற்றுவதுண்டு. கிள்ளான் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் காருக்கு ஆண்டு முழுதும் 'பனிக்காலம்'தான்!

லயத்து டிவி சொல்லித் தந்த பாடம்

இந்த உண்மையைப் புத்தகம் படிக்காமலே தெரிந்துகொண்டவர்கள் நம் தோட்டத்துப் பெரியவர்கள். 1963 டிசம்பர் 28-இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. பல தோட்டங்களில் லயத்துக்கு இரவெல்லாம் கரண்டு கிடையாது. கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளை டிவி பார்த்தார்கள். படம் சுருங்கிக்கொண்டே வரும், "ஐயோ, பேட்டரி வீக்கு!" என்று கூட்டம் கத்தும். மறுநாள் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி, டவுனில் சார்ஜ் போடும் கடைக்குக் கொண்டுபோவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், மாணவர்களே. 40 ஆம்பியர்-மணி பேட்டரி; டிவி இழுப்பது சுமார் ஒன்றரை ஆம்பியர். பாதிக்கு மேல் வடிய விடாமல் பார்த்தால் 13 மணி நேரம் கிடைக்கும். ராத்திரிக்கு மூன்று மணி நேரம் பார்த்தால் நாலு ராத்திரி. வடிந்ததும் கடைக்குக் கொண்டுபோனவர் வீட்டில் பேட்டரி நீடித்தது. "சம்பளம் வரட்டும், பார்க்கலாம்" என்று மூலையில் போட்டவர் வீட்டில் அது எழுந்திருக்கவே இல்லை. வேலை செய்ததால் மட்டும் பேட்டரி சாவதில்லை. வெறும் வயிற்றோடு கிடப்பதால்தான் சாகிறது.

2020-ஆம் ஆண்டு என்ன ஆயிற்று?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. மே 3 வரை 47 நாட்கள் பெரும்பாலான கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இன்றைய காரில் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி எல்லாம் வண்டி தூங்கும்போதும் விழித்திருக்கும். 25 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-மணி. 47 நாளைக்கு 28 ஆம்பியர்-மணிக்கு மேல். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கும் மேலே போய்விட்டது! புதுக் கார்களே இப்படிப் படுத்தபோது, பழைய காரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

தினமும் ஐந்து நிமிடம் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மோரிஸ் மைனர் காலத்துக் கார்களில் இருப்பது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது ஒன்றும் கொடுக்காது. சிவப்பு விளக்கு மினுக்குவதே அதற்கு அடையாளம். நீங்கள் நிரப்புவதாக நினைத்துக்கொண்டு வடித்துக்கொண்டிருப்பீர்கள். எடுத்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஓட்ட முடியாத காருக்கு வரலாறு காட்டும் வைத்தியம் இதுதான்.

முதலில், பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்து, பிறகு காரின் உடம்போடு சேர்ந்திருக்கும் எர்த் கம்பியைக் கழற்றி வையுங்கள். இங்கே எச்சரிக்கை! இக்காலத்துக் கார்களில் எர்த் கம்பி மைனஸ் முனையில் இருக்கும். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அது பிளஸ் முனையில் இருக்கும். கறுப்புக் கம்பிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் சாமான் கருகிவிடும். கம்பி எங்கே போய் முடிகிறது என்று பார்த்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, மாதம் ஒரு தடவை வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் போடுங்கள். 12.2 என்றால் பாதி காலி.

மூன்றாவது, மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள். 40 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு போதும். நிறைந்ததும் தானே அடங்கும் புதுவகைச் சார்ஜர் கிடைக்கிறது. அடங்கத் தெரியாத பழைய சார்ஜரை ராத்திரி பகலாக விட்டால் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

நான்காவது, மூடி திறக்கும் வகையாக இருந்தால், சார்ஜ் முடிந்தபின் தண்ணீர் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

ஐந்தாவது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் சிகரெட், சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. ஒரு பொறி போதும், பேட்டரியே வெடித்து முகத்தில் அமிலம் அடிக்கும். அமிலம் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

"பேட்டரியை சிமெண்டுத் தரையில் வைக்காதே, பலகை மேல் வை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியில் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. இருந்தாலும் பலகை மேல் வைப்பதில் தப்பில்லை. சிந்தினால் தரை கெடாது.

செத்த பேட்டரியை உடைக்காதீர்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் பேட்டரி முடியத்தான் செய்யும். அதை வீட்டில் வைத்து உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். தூண்டில் குண்டுக்காக உருக்காதீர்கள். அமிலத்தைக் கால்வாயில் கொட்டாதீர்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தாக்கார் நகரருகே, மக்கள் குடியிருப்பில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோயின. காரீயத் தூசு பெரியவர்களைவிடப் பிள்ளைகளையே அதிகம் தாக்கும்; மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் பழைய பேட்டரி சேர்க்கப்பட்டிருக்கிறது. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்துவிடுங்கள். விலையில் சில வெள்ளி குறைப்பார்கள். பிள்ளைகளும் நன்றாயிருப்பார்கள்.

அன்பர்களே! கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் வாழ்ந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயம் போயிற்று, பால்மரம் போயிற்று. சில வீடுகளில் மிஞ்சியிருப்பது ஒரு பழைய படமும், ஒரு பழைய காரும்தான். "உன் பூட்டன் இதில்தான் உன் தாத்தாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு வந்து சேர்த்தார்" என்று பிள்ளைக்குக் காட்ட அந்த வண்டி வேண்டாமா? காட்டும்போது அது ஓடவும் வேண்டாமா?

அதற்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அப்பா எர்த் கம்பியைக் கழற்றட்டும். பிள்ளை மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லட்டும். அம்மா அதை நாட்காட்டியில் தேதி போட்டுக் குறித்து வைக்கட்டும். அறிவியலும் கணக்கும் குடும்ப வரலாறும் ஒரே இடத்தில் நடக்கும் பாடம் அது. கட்டணம் இல்லை.